சயந்தன் வீட்டு நிலம்

பிள்ளைகளே,

என் மகள் படிப்பிக்கிற சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கதிரை மேசை அடுக்க நானும் போவதுண்டு. ஓய்வு பெற்ற பிறகு எனக்கு அதுதான் பெரிய உத்தியோகம். போன மாதம் ஒரு பையன் என்னிடம் வந்தான்.

"அங்கிள், நாங்கள் மூவ் பண்ணின புது வீட்டில காஸ் லைனே இல்லை. நிலத்துக்குள்ள இருந்துதான் ஹீற் வருதாம். அப்ப கீழ நெருப்பு இருக்கா? வொல்கேனோ மாதிரி?"

பக்கத்தில் நின்ற பெட்டைப் பிள்ளை, "லூசு, ரொறன்ரோவில வொல்கேனோ இல்லை" என்றாள்.

"அப்ப எப்பிடி?" என்று அவன் விடவில்லை.

மகள் இதைக் கேட்டுக்கொண்டு நின்றவள், "அப்பா, நீங்கள் இவ்வளவு காலமும் செய்த வேலைதானே. பள்ளி மலருக்கு எழுதித் தாங்கோவன்" என்றாள். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழைகள் இருந்தால் அவளே திருத்தட்டும்.

முதலில் அந்தப் பையனுக்குப் பதில்: நெருப்பு இல்லை.

வீட்டுக்குப் போய் பிறிட்ஜின் பின்பக்கம் கிட்டக் கையைப் பிடித்துப் பாருங்கள். இளஞ்சூடாய் இருக்கும். அந்தச் சூடு உள்ளே வைத்த பாலிலிருந்தும் நேற்றைய சோற்றிலிருந்தும் வந்தது. குளிர்ந்த சாமானில் இருந்துகூட மிச்சச் சூட்டை உருவி வெளியே தள்ள ஒரு மெசினால் முடியும். வீட்டுக்குச் சூடு தருகிற ஹீற் பம்ப் என்ற மெசின் அந்த அலுவலைத்தான் பெரிதாய்ச் செய்கிறது. தை மாதத்தில் வெளிக்காற்று எங்கள் மூக்கைக் கடிக்கும். ஆனால் ஆழத்தில் இருக்கிற மண்ணுக்கு அந்தச் சங்கதியே தெரியாது. வெயில் காலமோ பனிக் காலமோ அது ஒரே மாதிரிக் குளிர்மையாய்க் கிடக்கும். நாங்கள் துளை போட்டு, கீழே போய் மேலே திரும்பி வருகிற மாதிரி ஒரு நீளப் பைப்பை இறக்குவோம். அதற்குள் உறையாத திரவம் சுற்றிச் சுற்றி வந்து மண்ணிடம் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சூட்டை வாங்கும். மெசின் அதையெல்லாம் சேர்த்துத் தண்ணீரை இளஞ்சூடாக்கி, வீட்டுக்குள் நாங்கள் நடக்கிற நிலத்துக்குள் பதித்த பைப்புகளுக்கு அனுப்பும்.

நிலத்துக்குள் ஏன்? அப்பாட்மென்ற் சுவரில் இருக்கிற ரேடியேற்றர் சின்னது. அவ்வளவு சின்னச் சாமான் ஒரு அறையைச் சூடாக்க வேண்டும் என்றால் அதற்குள் சுடு தண்ணீர் ஓடவேண்டும். நிலமோ அறை முழுவதும் விரிந்து கிடக்கிறது. ஆகவே அதற்கு இளஞ்சூடு போதும். ஹீற் பம்பிடம் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் கேட்டால் அது திணறும். இளஞ்சூடாய்க் கேட்டால் நாள் முழுக்கச் சலிக்காமல் தரும். அதனால்தான் இவை இரண்டும் நல்ல சோடி. ஒன்று மட்டும்: நிலம் மெல்ல மெல்ல, ஆறுதலாய்த்தான் சூடாகும், ஆறுதலாய்த்தான் ஆறும். அவசரக்காரருக்கு அது சரிவராது.

இனி நான் இதற்குள் வந்த கதை. அகதியாக வந்து இறங்கிய புதிதில் ரெஸ்ரோறன்றில் கோப்பை கழுவினேன். பிறகு ஒரு பக்ரறியில் பெட்டி அடித்தேன். அங்கே வேலை நின்றபோது, யாரோ சொல்லி, நசீர் நானாவிடம் போனேன். மன்னார்ப் பக்கத்து முஸ்லிம் மனிதர். இரண்டு வான் வண்டி வைத்து, வீடு சூடாக்குகிற காஸ் ஃபேர்னஸ் திருத்திக்கொண்டிருந்தவர், நிலத்தடிச் சூட்டைப் பற்றி எங்கள் ஆட்களில் ஒருவருமே கதைக்காத காலத்தில் போய்ப் படித்துவிட்டு வந்தவர். முஸ்லிம் ஆட்கள் அண்ணனை நானா என்பார்கள்; வயது மூத்தவர் என்பதால் நானும் அவரை அப்படியே கூப்பிட்டேன். இரவில் கல்லூரியில் படித்து லைசன்ஸ் எடுக்க எனக்குச் சில வருடம் பிடித்தது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. நித்திரைதான் போனது.

நசீர் நானாவின் குணம் ஒன்று. அவர் ஏசமாட்டார், செய்யாதே என்றும் சொல்லமாட்டார். நாங்கள் என்ன சொன்னாலும், "அதுக்குப் பிறகு?" என்று கேட்பார்.

"நானா, இந்த வால்வைப் பூட்டப்போறன்."

"அதுக்குப் பிறகு?"

"தண்ணி மற்றப் பக்கத்தால ஓடும்."

"அதுக்குப் பிறகு?"

மூன்றாவது தரம் கேட்கும்போது நாங்களே எங்கள் பிழையைக் கண்டு கையை எடுத்துவிடுவோம். எங்களோடு வேலை செய்த ஒரு போர்த்துக்கீசப் பொடியன் அந்த இரண்டு சொல்லையும் தமிழிலேயே பழகி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நானாவைப் பார்த்துத் திருப்பிக் கேட்பான். நானா சாண்ட்விச்சைக் காட்டி, "அதுக்குப் பிறகு தேத்தண்ணி" என்பார்.

கொங்கிறீற் போடுகிற நாளில் மட்டும் அவர் பகிடி விடமாட்டார். அந்த வேலை எப்படி என்றால், முதலில் மண்ணின்மேல் தடித்த ஃபோம் பலகை விரிப்போம், சூடு கீழே போகாமல் இருக்க. அதன்மேல் கம்பி வலை. வலையின்மேல் பைப்பை முறுக்குப் பிழிகிற மாதிரிச் சுற்றிச் சுற்றிக் கட்டுவோம். பிறகு பைப்புக்குள் காற்றை அடித்து, அமுக்கம் காட்டுகிற மானி ஒன்றைப் பூட்டுவோம். கொங்கிறீற்காரர் பெரிய பூட்ஸோடு, கொங்கிறீற்றை இழுத்துப் பரப்புகிற இரும்பு வாரிகளோடு அதன்மேல் நடந்து திரிவார்கள். நானா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அந்த மானிக்கு முன்னால் குந்திவிடுவார். கடைசி வாளி கொங்கிறீற் ஊற்றி மட்டம் பார்க்கும் வரைக்கும் அவர் கண் அதன் முள்ளை விட்டு எடுபடாது.

ஒருநாள் முள் இறங்கியது. மயிரிழைதான் இறங்கியது. நானா சத்தம் போடாமல் கையை மட்டும் தூக்கினார். எல்லாரும் நின்றோம். வாரியின் பல் ஒன்று பைப்பில் குத்தியிருந்தது. ஈரக் கொங்கிறீற்றைக் கையால் வழித்து, அந்த இடத்தை வெட்டிப் பொருத்தி, திரும்பக் காற்றடித்து, முள் அசையவில்லை என்று கண்ட பிறகுதான் அவர் கையை இறக்கினார். பிள்ளைகளே, கொங்கிறீற் இறுகிய பிறகு மன்னிப்புக் கேட்டுப் பிரயோசனம் இல்லை. நான் பார்த்த வேலையிலே மிகப் பெரிய படிப்பு அதுதான்.

இப்போது சயந்தன் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அவனுடைய பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

அவனுக்கு அப்போது ஏழு வயது. பிறக்கும்போது ஏற்பட்ட கஷ்டத்தால் கால் இரண்டும் வேலை செய்யாது. ஆனால் வாய் நல்லாய் வேலை செய்யும். முழங்கையை ஊன்றி, நெஞ்சை இழுத்து இழுத்து நிலத்தில் போவான். ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் உயரமான வாடகைக் கட்டடம் ஒன்றில் இருந்தார்கள். அந்த நிலம் பனிக்காலத்தில் ஐஸ். ஆகையால் தாய் அவனை இறக்கமாட்டாள். மாரி முழுவதும் சக்கரக் கதிரையிலேயே இருப்பான். தெரப்பி செய்கிற பெண் ஒருத்தி தாய் தகப்பனிடம் கண்டிப்பாய்ச் சொல்லியிருந்தாள்: இவனை நிலத்தில் விடுங்கள், கையும் முதுகும் இப்போது பலப்பட்டால்தான் பிறகு தானே எழும்பிக் கதிரையில் ஏறுவான், உடம்பு பாரமான பிறகு பழக்குவது கஷ்டம்.

தகப்பன் ரவி, மிசிசாகாவில் எயர்போர்ட்டுக்குப் பக்கத்தில் லொறி ஓட்டுகிறவர். மல்வேர்னிலேயே ஒரு பழைய வீடு வாங்கி, பின்பக்கம் சயந்தனுக்கென்று பெரிய அறை ஒன்றைப் புதிதாய்க் கட்டி இறக்கினார். "அண்ணை, எனக்கு வீடு வடிவா இருக்கவேணும் எண்டில்லை. நிலம் சூடா இருந்தாச் சரி" என்றார். தாய் வதனி எங்களுக்குத் தேத்தண்ணி தந்தாள்.

துளை போடுகிற மெசின் பக்கத்து வேலியைக் கழற்றித்தான் உள்ளே போனது. சேறு றோட்டு வரைக்கும் வந்தது. பக்கத்து வீட்டு ஜமேக்காக்காரப் பெண்மணி வாசலில் நின்று, "எண்ணெய் வந்தால் எனக்கும் பாதி" என்று சத்தம் போட்டுச் சிரித்தார். இலை கொட்டுகிற காலத்தில் எல்லாம் முடிந்து வீட்டைக் கையளித்தோம். சயந்தன் முதல் நாளே அறையின் ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்குப் போய்விட்டு, மூச்சு வாங்க மல்லாந்து கிடந்தான்.

தை மாதம் ரவி போன் எடுத்தார். "அண்ணை, மெசின் நிண்டுபோச்சு. சிவப்பு லைற் எரியுது."

நானும் நானாவும் போய்ப் பார்த்தோம். மெசின் தனக்குள் அமுக்கம் கூடிவிட்டது என்று தானே நின்றிருந்தது. அதைத் திரும்ப ஓட விட்டோம். ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. சில நாளில் திரும்பவும் போன். திரும்பவும் போனோம். மண்ணுக்குள் போகிற திரவம் சரியா, அளவாய் ஓடுகிறதா, வடிகட்டி அடைத்திருக்கிறதா, நிலப் பைப்புகளில் காற்று நிற்கிறதா என்று ஒவ்வொரு வளையமாய்த் திறந்து பார்த்தோம். எல்லாம் சரி. நாங்கள் நிற்கும் வரைக்கும் மெசின் நல்ல பிள்ளை. நாங்கள் போனால் அடுத்த நாளே வீடு குளிரும், மெசின் நிற்கும்.

மூன்றாம் தரம் போனபோது ரவியின் முகம் இறுகியிருந்தது. இரவு வேலை முடித்து வந்து நித்திரை இல்லாமல் நின்றார்.

"நானா, உங்களில பிழை சொல்லேல்லை. ஆனா இனி ஏலாது. அடுத்த கிழமை காஸ் ஃபேர்னஸ் பூட்ட ஆளைக் கூப்பிடப்போறன். நிலம் முழுக்கத் தடிச்சக் காபெற் அடிச்சு விடுறன். பெடியன் முந்தி மாதிரிக் கதிரையில இருக்கட்டும்."

"காபெற்றில இழுபட்டால் முழங்கை உரஞ்சிப் புண் வரும், தம்பி" என்றார் நானா.

"அதுதான் சொன்னனே. கதிரையில இருக்கட்டும்."

சயந்தன் அதைக் கேட்டுக்கொண்டு கதிரையில்தான் இருந்தான். நானா அவனையும் பார்த்து ரவியையும் பார்த்து, "இன்னும் ஒரேயொரு தரம் வந்து பாக்கவிடு" என்று கேட்டார்.

கடைசித் தரம் போன நாள் நல்ல குளிர். வழக்கம்போல, வருகிறோம் என்று போன் பண்ணிவிட்டுப் போனோம். வேறு ஆட்களுடைய வீடுகளில் நாங்கள் பூட்ஸுக்கு மேலே நீல உறை மாட்டிக்கொண்டு நடப்போம். எங்கள் ஆட்களுடைய வீட்டில் அது எப்படி? வாசலில் கழற்றி வைத்துவிட்டுச் சொக்ஸோடு உள்ளே போனோம். குசினியைத் தாண்டிச் சயந்தனின் அறைக்குள் நடந்துகொண்டிருந்தேன். திடீரென்று என் இடது கால் ஒரு சூட்டை மிதித்தது. அடுத்த அடியில் அது இல்லை. திரும்பி வந்து மிதித்தேன். இருந்தது. காலை மெல்ல நகர்த்திப் பார்த்தேன். சூடு ஒரு நேர் கோட்டில் முடிந்தது. அந்தக் கோட்டோடு போனேன். ஒரு மூலை வந்தது.

"என்ன, டான்ஸ் பழகிறியோ?" என்றார் நானா.

"நானா, உங்கட சொக்ஸைக் கழட்டிப்போட்டு இதில ஒருக்கால் நில்லுங்கோ."

அவர் கழற்றினார், நின்றார், நடந்தார். நரைத்த தலையோடு இரண்டு பேர் ஒருத்தர் பின்னால் ஒருத்தராய்க் கோட்டில் காலை வைத்து வைத்துச் சதுரம் சுற்றினோம். சயந்தன் கதிரையில் இருந்தபடி விழுந்து விழுந்து சிரித்தான். "அம்மா, வட் ஆர் தே டூயிங்?"

பைப் பதித்ததில் அப்படிச் சதுரமான இடம் ஒன்றும் கிடையாது. அது மேலே கிடந்த ஏதோ ஒரு சாமானின் அடையாளம். நானா வதனியைப் பார்த்து மெதுவாய்க் கேட்டார்.

"தங்கச்சி, இந்த இடத்தில கட்டில், கிட்டில் ஏதாவது கிடந்ததோ?"

"இல்லையே, அண்ணை."

"காபெற்!" என்றான் சயந்தன். "அம்மா ஹைட் பண்ணிட்டா! நீங்க வாற எல்லா நாளும் அம்மா ஹைட் பண்ணுவா!"

"டேய், வாயை மூடு!"

பிறகு வதனிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு கண்ணும் கலங்கிவிட்டது. படுக்கை அறைக் கதவைத் திறந்து காட்டினாள். உள்ளே இரண்டு பெரிய காபெற், ஒரு ஃபோம் மெத்தை, பனையோலைப் பாய், எல்லாம் சுருட்டிச் சுவரோடு நின்றன. வெளி ஆட்கள் வருகிறார்கள் என்றால் வீட்டை ஒதுக்கி வைப்பது எங்கள் வழக்கம்தானே. நாங்கள் போன் பண்ணிய கையோடு அவள் எல்லாவற்றையும் சுருட்டி உள்ளே வைத்துவிடுவாள். நாங்கள் வந்து பார்க்கும்போது நிலம் வெறும் நிலமாய் இருக்கும். மெசின் ஒழுங்காய் ஓடும். போனதும் திரும்ப விரிப்பாள்.

"ஏன் தங்கச்சி விரிச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"நீங்கள் சிரிப்பியள்."

"சிரிக்கமாட்டம்."

"வந்த புதுசில இவனுக்கு முதுகில ஒரு சீழ்க்கட்டு வந்தது. கண்ணும் சிவந்துபோய் இருந்தது. றிச்மண்ட் ஹில்லில இருக்கிற மாமியிட்டச் சொன்னன். 'நிலத்தில சூடு வந்தா அது உடம்புக்குள்ளதானே ஏறும், பிள்ளையை அடுப்பில வைச்ச மாதிரி வைச்சிருக்கிறாய்' எண்டு ஏசினவ. அதுதான் விரிச்சனான். பிறகு ஒருநாள் காபெற்றுக்குக் கீழ கையை வைச்சுப் பாத்தன், அண்ணை. சரியான சூடு. மாமி சொன்னது சரி எண்டு இன்னொண்டும் போட்டன்."

அந்த நேரம், இரவு வேலை முடித்து மற்ற அறையில் படுத்திருந்த ரவி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பி வந்தார். சங்கதியைக் கேட்டார்.

"சூட்டை மூடவோ காபெற் போட்டனீ? குளிருக்கு எண்டல்லோ நான் நினைச்சன். வீடு குளிருது எண்டு நான் எத்தினை தரம் தண்ணிச் சூட்டைக் கூட்டினனான் தெரியுமோ?"

"என்ன? நீங்களே கூட்டினனீங்கள்? அதுதான் கீழ அப்பிடிச் சுட்டது! ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ எனக்குச் சொன்னனியோ?"

"அப்பா, அம்மா, பிளீஸ்" என்றான் சயந்தன்.

பிள்ளைகளே, உங்களுக்கு விளங்கியிருக்கும். காபெற் போட்டதால் சூடு மேலே வரவில்லை. வீடு குளிர்ந்தது. வீடு குளிர்ந்ததால் தகப்பன் தண்ணீரின் சூட்டைக் கூட்டினார். கூட்டியதால் காபெற்றுக்குக் கீழே சுட்டது. சுட்டதால் தாய் இன்னொரு காபெற் போட்டாள். போக இடமில்லாத சூடு திரும்பி மெசினுக்கே வந்தது. பாவம், அது என்ன செய்யும்? நின்றது. ஒருவரும் கெட்டது நினைக்கவில்லை. இருவரும் அந்தப் பிள்ளைக்காகத்தான் செய்தார்கள்.

நானா நிலத்தில் காலை மடக்கிச் சப்பாணி கட்டி இருந்தார்.

"தங்கச்சி, நீங்கள் கையை வைச்சுக் கண்டது சரி. நிலம் சூடாத்தான் இருந்தது. எங்கட வீட்டிலயும் அன்னாசி சாப்பிட்டாச் சூடு எண்டுதான் சொல்லுறது. உங்கட மாமியோட எனக்குச் சண்டை இல்லை. ஆனா இது சூடானது மூடினதால. மூடாமல், அளவான தண்ணி விட்டா, இந்த நிலம் உங்கட உள்ளங்கையைவிட எப்பவும் கொஞ்சம் குளிராத்தான் இருக்கும். உங்களிலும் பாக்கக் குளிரான சாமான் எப்பிடி உங்களுக்குச் சூடு ஏத்தும்?"

வதனி சயந்தனைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப அந்தக் கட்டு?"

"அது எனக்குத் தெரியாது. அதை டொக்டரிட்டக் காட்டுங்கோ. நான் பைப்புக்காரன்."

தண்ணீரின் அளவை நானா பழையபடி இறக்கினார். வெளிக்குளிருக்கு ஏற்றமாதிரி மெசினே கூட்டிக் குறைக்கும், நீங்கள் தொடவேண்டாம் என்று ரவியிடம் சொன்னார். நிலம் ஆறி ஒரு நிதானத்துக்கு வர நாள் எடுக்கும், அவசரப்படவேண்டாம் என்றார். ஃபேர்னஸ் பூட்ட வரச் சொன்ன ஆளுக்கு ரவி போன் பண்ணி, ஒரு கிழமை பொறுக்கச் சொன்னார். நிறுத்தச் சொல்லவில்லை. பொறுக்கத்தான் சொன்னார்.

"பெடியனை உடனை விடமாட்டன்" என்றாள் வதனி. "முதல்ல நான் படுத்துப் பாக்கிறன். எனக்குச் சூடு ஏறினா அவனுக்கும் ஏறும்."

"படுங்கோ" என்றார் நானா.

அந்தக் கிழமை முழுவதும் எனக்கு வேறு வேலையில் மனம் செல்லவில்லை. போன் அடித்தால் ஓடிப் போய் எடுப்பேன். மல்வேர்னிலிருந்து போன் வரவில்லை. வராதது நல்லதோ கெட்டதோ என்றும் தெரியவில்லை. ரவி ஒன்றும் சொல்லாமல் ஃபேர்னஸைப் பூட்டிவிட்டாரோ என்றுகூட ஒரு நினைப்பு.

கிழமை முடிய நானும் நானாவும் போனோம். ரவி கதவைத் திறந்தார். உள்ளே இளஞ்சூடு முகத்தில் பட்டது. மெசின் மெல்ல இரைந்துகொண்டிருந்தது. சிவப்பு லைற் இல்லை.

"அவ நாலு இரவு வெறும் நிலத்தில படுத்தவ, அண்ணை" என்றார் ரவி. "அஞ்சாம் நாள் விடிய எழும்பி, தன்ர முதுகு நோ போயிட்டுது எண்டு சொல்லிப்போட்டுப் பெடியனை இறக்கிவிட்டவ. டொக்டர் அந்தக் கட்டு கதிரையில இருந்து உரஞ்சினதால வந்தது எண்டவர்."

"எங்க ஆள்?" என்று கேட்டார் நானா.

சயந்தனின் அறைக்குள் பார்த்தோம். கதிரை ஒரு மூலையில் வெறுமையாய் நின்றது. நிலத்திலும் ஆள் இல்லை. வதனி கையில் சோற்றுக் கோப்பையோடு குசினியிலிருந்து வந்தாள். எங்களைப் பார்த்துத் தலையாட்டினாள், ஆனால் கண் எங்களில் இல்லை. சோபாவுக்குக் கீழே குனிந்து பார்த்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள்.

"சயந்தன்! டேய்! சாப்பாட்டு நேரம் எண்டா எங்கயடா போறனீ?"

 நிலப் பைப்புகள் வந்து சேருகிற அலுமாரிப் பக்கம் திரைச்சீலை கொஞ்சம் ஆடியது.

வதனி திரும்பி எங்களைப் பார்த்தாள். முகத்தில் கோபம்தான் இருந்தது, ஆனால் சொன்னபோது குரல் வேறுமாதிரி இருந்தது.

"ஏழு வருசத்தில நான் இவனைத் தேடினதே இல்லை, அண்ணை. வைச்ச இடத்தில இருப்பான். இப்ப ஒரு நாளைக்குப் பத்துத் தரம் தேடவேண்டிக் கிடக்கு."

திரைச்சீலைக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் கோப்பையோடு அந்தப் பக்கம் போனாள். அவன் மற்றப் பக்கத்தால் வெளியே வந்து, முழங்கையை மாறி மாறி ஊன்றி, எங்கள் கால்களுக்கு நடுவால் குசினிப் பக்கம் தப்பி ஓடினான்.